எம்.ஐ.பி.ஜி. இதய நரம்பு ஸ்கேன், பெங்களூரு: ஆட்களுக்கு நாலரை, ரிப்போர்ட்டுக்கு இரண்டு

ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை. தெற்கு பெங்களூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கட்டடத்தோடு முடிகிற குறை இல்லை, இந்த ஸ்கேனை எந்த ஊரில் எடுத்தாலும் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்கேன் எடுத்தது என் தம்பி. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவனுக்கு ப்ருகாடா சிண்ட்ரோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கடுமையான காய்ச்சலில் கிடந்தபோது எடுத்த ஈசிஜியில், நெஞ்சில் ஒட்டும் வி1, வி2 என்ற இரண்டு பட்டைகளிலும் கோடு மேலே எழும்பி, வளைந்து சரிந்து இறங்கியிருந்தது. காய்ச்சல் விட்டதும் பாதி காணாமல் போனது. இந்த நோயை 1992இல் பெட்ரோ, ஜோசெப் என்ற ப்ருகாடா சகோதரர்கள் விவரித்து எழுதினார்கள், அவர்கள் பெயரே நின்றுவிட்டது. இதயத்தின் வடிவத்தில் குறை தெரியாது, எக்கோவில் எல்லாம் நார்மல் என்றுதான் வரும், ஆனால் மின்னோட்டத்தில் கோளாறு, பெரும்பாலும் தூக்கத்திலோ ஓய்விலோ இதயத் துடிப்பு கட்டுக்குள் இல்லாமல் போய்விடும். எங்கள் சித்தப்பா ஒருவர் சின்ன வயதிலேயே தூக்கத்தில் போய்விட்டார். ஸ்ரீராம்புரத்தில் இருந்தவர். அன்றைக்கு மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இப்போது அதையும் சேர்த்து யோசித்தால் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

பொது இதய டாக்டர் ஒருவர்தான் இந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்தார். "ஹார்ட்டோட நெர்வ் எப்படி இருக்குன்னு பாத்துடலாம்" என்றார். இதயத்துக்கு நரம்பு இருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் அம்மா கேள்விப்பட்டார். பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அதைச் செய்வது சிம்பதெடிக் நரம்புகள். அவற்றின் முனையிலிருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனம் வெளியே வந்து இதயத் தசையை உசுப்பிவிடும், வேலை முடிந்ததும் அதில் பெரும்பங்கை அதே நரம்பு முனை திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்து பார்ப்பதற்கு நார்அட்ரினலின் மாதிரியே இருப்பதால் நரம்பு ஏமாந்து அதையும் உள்ளே எடுத்துக்கொள்கிறது, ஆனால் அதைச் சிதைக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறது. அந்த மருந்தில் கதிரியக்க அயோடினை ஒட்டி அனுப்பினால், நரம்பு உயிரோடு இருக்கும் இடமெல்லாம் காமா கேமராவில் தெரியும், இல்லாத இடம் வெறுமையாக இருக்கும். மாற்று இதயம் பொருத்திய ஆளுக்கு ஆரம்பத்தில் எடுத்தால் இதயமே தெரியாது, ஏனென்றால் நரம்பை வெட்டித்தானே எடுத்து வைக்கிறார்கள். பார்கின்சன் நோயிலும் பலருக்கு அப்படித்தான் மங்கிப் போகும். இதயத் தசைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கும் தாலியம், செஸ்டாமிபி ஸ்கேன்கள் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள், கவுண்டரில் இருப்பவர்களே குழப்புகிறார்கள்.

கவுண்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புக் பண்ணும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, எந்த அயோடின், 123ஆ 131ஆ? ஏன் கேட்டேன் என்றால் இதில்தான் படத்தின் தரமே இருக்கிறது. அயோடின்-123க்கு அரை ஆயுள் 13 மணி நேரம் சொச்சம், காமா கேமராவுக்கு ஏற்ற 159 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர், அதனால் டோஸைத் தாராளமாகக் கொடுக்கலாம், படமும் தெளிவாக வரும். ஆனால் அதற்கு சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இயந்திரம் வேண்டும், தயாரித்த கையோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அயோடின்-131 நம் நாட்டிலேயே தயாராகிறது, அணுசக்தித் துறையின் ப்ரிட் அமைப்பு நவி மும்பையிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது, அரை ஆயுள் 8 நாள் என்பதால் வழியில் வீணாகாது. ஆனால் அதன் கதிர் 364 கிலோ எலக்ட்ரான்வோல்ட், கேமராவின் ஈயத் தடுப்பைத் தாண்டிக்கொண்டு போகும், கூடவே பீட்டா கதிரும் இருப்பதால் டோஸைக் குறைத்தே கொடுப்பார்கள், படம் மணல் தூவின மாதிரி இருக்கும். கட்டி தேடுவதற்கு அது போதும். இதயச் சுவரில் எந்தப் பக்கம் மங்கல் என்று நுணுக்கமாகப் பார்ப்பதற்குப் போதாது.

கவுண்டரில் "123தான் சார்" என்றார்கள். அன்றைக்குப் போய்ப் படுத்த பிறகு டெக்னீஷியன் சொல்லித்தான் தெரிந்தது, 131. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பில் என்னவோ ஐந்து இலக்கம், வெளிநோயாளி சோதனை என்று இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிட்டது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ஸ்கேனுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் "பிபி மாத்திரை, இதய மாத்திரை நிறுத்தவும்" என்று மொட்டையாக ஒரு வரி. இந்தத் தாள், இதே ஸ்கேனுக்கு வரும் அட்ரினல் கட்டி நோயாளிகளுக்காக அடித்தது என்று பார்த்தாலே தெரிகிறது. தம்பி மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, தப்பித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், லாங் க்யூடி என்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறு உள்ள ஒரு பள்ளிக்கூடப் பெண்ணோ, ஓடினாலோ பயந்தாலோ துடிப்பு தடம் புரளும் சி.பி.வி.டி. உள்ள பையனோ இதே தாளை வாங்கிக்கொண்டு போனால்? அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே ப்ராப்ரனலால் மாதிரியான பீட்டா ப்ளாக்கர்தான். சாதாரண பீட்டா ப்ளாக்கரை இந்த ஸ்கேனுக்காக நிறுத்த வேண்டிய அவசியமே பொதுவாக இல்லை. லாபெட்டலால் என்ற ஒன்றுதான் எம்.ஐ.பி.ஜி. நரம்புக்குள் போவதைத் தடுக்கும். அதையும் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் வகை மாத்திரைகளும், மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஜலதோஷ மாத்திரைகளும் படத்தைக் கெடுக்கும். அமிட்ரிப்டிலின் ப்ருகாடாக்காரர்கள் எப்படியும் தவிர்க்க வேண்டிய பட்டியலில்தான் இருக்கிறது என்பது வேறு கதை. தாளில் ஜலதோஷ மாத்திரை பற்றி ஒரு சொல் இல்லை. மார்ச் மாத பெங்களூரில் யார் வீட்டில் அது இல்லை!

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். தாள் கோட்டைவிட்டதையெல்லாம் உள்ளே இருந்த டெக்னீஷியன் பிடித்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் "அண்ணா, சளி மாத்திரை, மூக்குல விடற மருந்து ஏதாச்சும் போட்டீங்களா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தைராய்டுக்கு லூகோல் சொட்டு மருந்து ஆரம்பித்தாயிற்றா, இன்னும் எத்தனை நாள் சாப்பிடணும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று சரிபார்த்தார். கதிரியக்க அயோடின் பிரிந்து போய்த் தைராய்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சாதாரண அயோடினால் தைராய்டை நிரப்பிவிடுகிறார்கள். 131 என்றால் ஸ்கேனுக்குப் பிறகும் சில நாள் தொடர வேண்டும். அந்தச் சொட்டு மருந்தின் ருசி இருக்கிறதே, துரு பிடித்த இரும்பை நக்கின மாதிரி என்றான் தம்பி. ஆரஞ்சு ஜூஸில் விட்டுக் குடித்தால் பாதி தேவலை.

ஊசி வலியில்லை. ஈய உறை போட்ட சிரிஞ்சில் மெதுவாக ஏற்றினார்கள், பிபி பார்த்துக்கொண்டே. கால் மணி நேரத்தில் முதல் படம், நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது படம். இரண்டு தடவையும் மல்லாந்து படுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், கேமரா நெஞ்சை ஒட்டி வந்து நிற்கும். சுற்றி வந்து எடுக்கும் ஸ்பெக்ட் படத்துக்கு இன்னும் அதிக நேரம். கை மரத்துப் போகும். தோள் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முட்டுக் கொடுக்கத் தலையணை வைத்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. மாதிரி குகைக்குள் போவதில்லை, சத்தமும் இல்லை. அறை மட்டும் ஊட்டிக் குளிர், போர்வையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் உள்ள அந்த நாலு மணி நேரத்துக்கு ஊசி போட்டவர்களுக்கென்று தனி அறை, தனிக் கழிவறை. இரண்டும் சுத்தம். கூட வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள், அது சரியான விதிதான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எப்போது கேட்டாலும் "ஐது நிமிஷ சார்", அந்த ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரமாகும், பெங்களூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது புதிதில்லை. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இதயத்துக்காக வந்தவர்கள் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா கட்டிக்கும் இதே மருந்துதான், அதனால் கைக்குழந்தையோடு இரண்டு குடும்பம். அதைப் பார்த்தபிறகு "ஏன் லேட்" என்று கவுண்டரில் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. மருந்து வரும் நாளில் எல்லா நோயாளிகளையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள், எங்களுக்கும் ஒரு முறை மருந்து வரவில்லை என்று தேதி தள்ளிப் போனது. லீவு போடுகிறவர்கள் அடுத்த வாரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், பெரும்பாலும் சிறுநீரில்தான் போகிறது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளிடமிருந்து எத்தனை நாள் எவ்வளவு தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் விடாதீர்கள், கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி ரிப்போர்ட். இரண்டு மதிப்பெண் கொடுத்தது இதற்குத்தான்.

ரிப்போர்ட்டில் முக்கியமான எண் எச்/எம் விகிதம். இதயத்தில் எவ்வளவு கதிர் வருகிறது, நெஞ்சின் நடுவில் மேல்பக்கம் எவ்வளவு வருகிறது, முன்னதை இரண்டாவதால் வகுத்தால் வருவது. அதோடு முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையில் எவ்வளவு கழுவிப் போனது என்ற வாஷ்அவுட் கணக்கு. தம்பியின் எண்ணை எழுதி, பக்கத்திலேயே "1.6க்குக் கீழே, அதிக ஆபத்து" என்று அச்சடித்திருந்தார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

அந்த 1.6 எங்கேயிருந்து வந்தது? 2010இல் வெளியான அட்மையர் எச்.எஃப். என்ற ஆய்விலிருந்து. இதயம் வீங்கி, பம்ப் செய்யும் திறன் 35 சதவீதமோ அதற்கும் கீழோ போன 961 இதயச் செயலிழப்பு நோயாளிகளை அயோடின்-123 வைத்துப் பார்த்த ஆய்வு அது. 1.6க்கு மேலே இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும், கீழே இருந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கும் இரண்டு வருடத்துக்குள் பெரிய இதயச் சிக்கல் வந்தது. அமெரிக்காவில் 2013இல் இந்த மருந்தை இதயத்துக்குப் பயன்படுத்த அனுமதித்ததும் அந்த வகை நோயாளிகளுக்குத்தான். என் தம்பிக்கு இதயச் செயலிழப்பு இல்லை, பம்ப் நார்மல், போட்டதும் 131. அந்தக் கோட்டை இவனுக்கு எப்படி இழுக்க முடியும்? அதுவும் எந்த கொலிமேட்டர் போட்டு எடுத்தார்கள் என்றே ரிப்போர்ட்டில் இல்லை. கேமராவின் முகப்பில் மாட்டும் ஈயச் சல்லடைதான் கொலிமேட்டர். அயோடின்-123லேயே கூட, குறைந்த ஆற்றலுக்கான சல்லடையைப் போட்டால் விகிதம் குறைவாகக் காட்டும், நடுத்தர ஆற்றலுக்கானதைப் போட்டால் கூடுதலாகக் காட்டும். அதே ஆள், அதே நெஞ்சு! ஒரு ஆஸ்பத்திரியின் எண்ணை இன்னொரு ஆஸ்பத்திரியின் எண்ணோடு சும்மா ஒப்பிடவே முடியாது.

அடுத்த வரி, "இதயத்தின் கீழ்ச்சுவரில் லேசான குறைவு, ப்ருகாடாவுக்கு ஒத்துப்போகிறது". இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2002இல் ஜெர்மனியில் ஒரு குழு 17 ப்ருகாடா நோயாளிகளுக்கு அயோடின்-123 ஸ்பெக்ட் எடுத்துப் பார்த்ததில் 8 பேருக்குக் கீழ்ச்சுவரிலும் நடுச்சுவரிலும் இப்படிக் குறைவு இருந்தது, ஒப்பிட எடுத்த ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கும் இல்லை. நோய் வெறுமனே இதயச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயிலின் கோளாறு மட்டும் இல்லை, நரம்புக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று காட்டிய முக்கியமான ஆய்வு. ஆனால் மீதி 9 பேரும் ப்ருகாடாக்காரர்கள்தானே? அவர்கள் படம் நார்மல். இன்னொரு பக்கம், எம்.ஐ.பி.ஜி. ஈரலில் பளிச்சென்று ஏறும், ஈரல் இருப்பதோ கீழ்ச்சுவருக்கு அடியிலேயே, அதன் வெளிச்சம் கணக்கைக் குழப்பும். நோய் எதுவும் இல்லாதவர்களுக்கே, குறிப்பாக வயதான ஆண்களுக்கு, கீழ்ச்சுவர் கொஞ்சம் மங்கலாகத் தெரிவது உண்டு. மணல் தூவின 131 படத்தில் "லேசான குறைவு" என்று எழுதுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும், சொல்லுங்கள்.

இதையெல்லாம் எங்களுக்குப் பிரித்துச் சொன்னது இரண்டாவதாகப் பார்த்த ஈ.பி. டாக்டர், அதாவது இதயத் துடிப்புக் கோளாறுக்கென்றே படித்தவர். படத்தைப் பார்த்தார், ஓரமாக வைத்தார், "இதை வெச்சு நான் ஐ.சி.டி. வைக்கவும் மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்" என்றார். ஐ.சி.டி. என்பது துடிப்பு தடம் புரண்டால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்புக்குள் வைக்கும் கருவி. ப்ருகாடாவில் யாருக்கு அந்தக் கருவியைப் பொருத்துவது என்பதற்கு மயக்கம் வந்ததா, அது எப்படிப்பட்ட மயக்கம், காய்ச்சலோ மருந்தோ இல்லாமலே ஈசிஜி அப்படி இருக்கிறதா, இவைதான் முக்கியம். மருத்துவ வழிகாட்டி நெறிகளில் இந்த ஸ்கேன் முடிவெடுக்கும் சோதனையாக இல்லை. லாங் க்யூடியில் இன்னும் குழப்பம், 1990களில் ஒரு பக்கம் எம்.ஐ.பி.ஜி.யில் குறை தெரிகிறது என்றார்கள், இன்னொரு பக்கம் பெட் ஸ்கேனில் நரம்பெல்லாம் நார்மலாகத்தான் இருக்கிறது என்றார்கள். லாங் க்யூடிக்கும் சி.பி.வி.டி.க்கும் மாத்திரை போதாமல் போனால் இடது பக்க சிம்பதெடிக் நரம்பை வெட்டிவிடும் ஆபரேஷன் உண்டு, நன்றாகவே உதவுகிறது, ஆனால் அதை முடிவு செய்யவும் இந்தப் படம் தேவைப்படுவதில்லை.

அவர் செய்த காரியம் வேறு. ஈசிஜியின் வி1, வி2 பட்டைகளை வழக்கமான இடத்திலிருந்து மேலே தூக்கி, இரண்டாவது, மூன்றாவது விலா இடுக்கில் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். தம்பிக்கு மட்டுமில்லை, எனக்கு, அக்காவுக்கு, அப்பாவுக்கும். சில நூறு ரூபாயில் முடிந்தது. அப்பாவின் ஈசிஜியில் சந்தேகம் இருக்கிறது, அவருக்கு அடுத்த கட்டச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஐந்து இலக்கப் படம் சொல்லாததை இது சொல்லிவிட்டது. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் பாராசிட்டமால், குறையவில்லை என்றால் ஈசிஜி வசதி உள்ள இடத்துக்கு உடனே போ, தவிர்க்க வேண்டிய மருந்துப் பட்டியலை ஃபோனில் வைத்துக்கொள், இவ்வளவுதான் இப்போதைக்கு அவன் வைத்தியம்.

அப்போ இந்த ஸ்கேன் தண்டமா? இல்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, அயோடின்-123 வைத்து, சரியான சல்லடையோடு எடுத்தால் அதற்கு மதிப்பு இருக்கிறது. பரம்பரைத் துடிப்புக் கோளாறுகளில் ஆராய்ச்சிக்கு நல்ல கருவி, நரம்பு எங்கே பட்டுப்போயிருக்கிறது என்று இதயத்தைத் திறக்காமலே பார்க்க முடிவது சாதாரண விஷயமில்லை. உங்கள் ஈ.பி. டாக்டர் ஒரு குறிப்பிட்ட கேள்வியை எழுதி, "இந்தப் பதில் வந்தால் இதைச் செய்வேன், அந்தப் பதில் வந்தால் அதைச் செய்வேன்" என்று சொல்லி அனுப்பினால் தாராளமாக எடுங்கள். "எதுக்கும் பாத்துடலாம்" என்று எழுதிக் கொடுத்தால், அந்தப் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்துவிடலாம், மிச்சத்தில் ஜீன் சோதனைக்கும் ஒரு பங்கு வரும். ஜீன் சோதனையும் முழு விடை தராது, ப்ருகாடாவில் எஸ்.சி.என்.5.ஏ. ஜீனில் மாற்றம் கிடைப்பது சிறுபான்மையினருக்குத்தான், ஆனால் கிடைத்துவிட்டால் குடும்பத்துக்கே உபயோகம்.

இந்த ஆஸ்பத்திரிக்கே போகிறவர்களுக்கு: காலை முதல் டோக்கன் எடுங்கள், அப்போதுதான் நாலு மணி நேர இடைவெளி கழிந்து சாயங்கால நெரிசலுக்கு முன் வெளியே வரலாம். கீழே கேன்டீனில் காலி தோசை சுமார், காபி நன்றாக இருக்கும், ஆனால் ஊசி முடியும்வரை காபியும் சாக்லேட்டும் வேண்டாம் என்றார்கள். பார்க்கிங் அடித்தளம் பத்து மணிக்கெல்லாம் நிறைந்துவிடும், மெட்ரோவில் வந்து ஆட்டோ பிடிப்பது மேல். ரிப்போர்ட் தாளோடு படங்களின் சிடியையும் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள், பில்லில் அடக்கம் என்று காட்டியதும் கொடுத்துவிட்டார்கள். ஐசோடோப், டோஸ், கொலிமேட்டர் மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன், திருத்தின ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வந்தால் மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.